டேப்புக்காரன் வீட்டுப் பூனை

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. லாரி வருவதற்கு முன்பே போய், அடுத்தவர் வீட்டுச் சாமான்களைத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, டேப் ஒட்டி மூட வேண்டும். பழுப்பு நிற டேப் உருளையை வளையல் மாதிரி இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிவான். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் டேப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனிக் கணக்கருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் கட்டிக் கொடுத்த கண்ணாடித் தம்ளர் லாரி பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் கீறல் படாது. பிள்ளை குட்டியோடு வருஷக்கணக்காக வாழ்ந்த வீட்டைச் சாயங்காலத்துக்குள் வழித்தெடுத்து வெறும் சுவராக விட்டுவிட்டு வருவான். வழித்தெடுத்த பிறகு என்ன மிச்சம் கிடக்கிறது என்பது அவன் கவலையில்லை. உடைந்த நாற்காலி கிடக்கும், குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடக்கும். ஒரு நாள் ஒரு பூனை கிடந்தது.

சாம்பல் நிறப் பூனை. காலியான சமையலறை மேடையில், அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. புது வீட்டில் பிராணிகளுக்கு அனுமதி இல்லையாம். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மாள் காரில் ஏறிப் போய்விட்டார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வளர்த்தவர்களே சுலபமாகக் கை கழுவிவிட்டார்கள், டேப்புக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு காலிப் பெட்டியை எடுத்தான். காற்றுப் போக ஓட்டை போட்டான். பூனையை உள்ளே வைத்து, மேலே டேப்பை இழுத்து ஒட்டினான். அதுவரை வாயே திறக்காத பூனை அப்போதுதான் கத்தத் தொடங்கியது. அவனுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எதையும் மூடி ஒட்டித்தான் அவனுக்குப் பழக்கம்.

வீடு என்பது ஒரு கூடம், ஒரு சமையலறை, ஓர் அறை. மனைவி ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு வெளுக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். கூடத்துக் கட்டிலில் அப்பா. ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: அரை வருஷம் இங்கே, அரை வருஷம் தம்பி வீட்டில். இரண்டு பேருக்கும் சமம், யாருக்கும் வருத்தமில்லை என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அப்பாவை யாரும் கேட்கவில்லை. மெச்சுகிற அவசரத்தில் அது மறந்துபோயிற்று.

அப்பாவால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. தண்ணீர் குடிப்பதென்றால்கூடக் கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். ஒரு சட்டையை எடுப்பார், போடுவார், துவைப்பார், மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைப்பார். மருமகள் அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள். "எதுக்கும்மா, மறுபடி எடுத்து வைக்கணும்" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொன்னாள். தட்டு காலியாகவே இருந்தது.

பூனை வந்ததிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான் குடித்தனம். யாரும் பார்க்காதபோது சாப்பிட்டது. வயிற்றை நக்கி நக்கி முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. டேப்பு வேலை முடிந்து வந்து கையை நீட்டினால் சீறியது. அப்பாவிடம் மட்டும் வந்தது; கொஞ்ச நாளில் அவர் காலடியில் படுக்கத் தொடங்கியது. காப்பாற்றியவன் நான், ஒட்டிக்கொள்வது அவரிடமா என்று டேப்புக்கு உள்ளூரப் புழுக்கம். இருப்பதிலேயே கெட்டியான அட்டைப் பெட்டியைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, மெத்தென்று கம்பளி விரித்து, விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, அதற்கு ஒரு மாளிகையே கட்டினான். பூனை அதற்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. மேலே ஏறி மூத்திரம் பெய்தது.

அப்பாவின் முறை முடிந்தது. கூடத்தில் உட்கார்ந்து அவருடைய ரேடியோ, மருந்து, போர்வை எல்லாவற்றையும் டேப்பு பெட்டி கட்டினான். பூனை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனது. மறுநாள் காலையில் அப்பாவின் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பூனை வேலைதான் என்றார். மனைவி விரிப்பை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு புருஷன் எதிரே வந்து நின்றாள்.

"நாள் பூரா ஊரார் விரிப்பை அலசிட்டு வர்றேன், வீட்லயும் இதே பொழப்பா? இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்க தத்துப்பிள்ளை தெருவுலதான்."

அப்பா தம்பி வீட்டுக்குப் போன பிறகு பூனை வாசலைப் பார்த்து உட்கார்ந்து கத்தியது. வீட்டில் அது மூத்திரம் பெய்யாத இடமில்லை. தெருவில் விட வேண்டியதுதான் என்ற நிலை வந்தபோது, கடைசி முயற்சியாகக் கூடையில் போட்டு மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனான். அவர் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். நோய் எதுவும் தெரியவில்லை. கூடையின் மூடி கழன்று தொங்குவதைப் பார்த்த டேப்பு, பழக்க தோஷத்தில் மணிக்கட்டு டேப்பை இழுத்தான். கர்ரென்ற சத்தம். பூனை மேஜையிலிருந்து எகிறி அலமாரிக்குப் பின்னால் புகுந்தது. தரையில் ஈரத்தடம்.

வைத்தியர் பூனையை விட்டுவிட்டு அவனைக் கேள்வி கேட்டார். என்ன வேலை, பூனை எங்கே கிடைத்தது, எப்படிக் கொண்டுவந்தான், வீட்டில் யார் யார், அதற்குப் படுக்கை எது என்று வரிசையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுக்குக் கொழுப்பு ஒண்ணுமில்லங்க, பயம். இந்தச் சத்தம் கேட்டா யாரோ போகப் போறாங்க, நாம தனியா நிக்கப் போறோம்னு அதுக்குத் தெரியும். நீங்க என்னடான்னா அதே பெட்டியில படுக்கை போட்டுக் கொடுத்திருக்கீங்க."

டேப்பு அன்றைக்கு உண்மையாகவே வெட்கப்பட்டான். வீட்டிலிருந்த பெட்டிகளை எல்லாம் தூக்கி எறிந்தான். டேப் உருளையை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினான். கைகால் கழுவிச் சட்டை மாற்றிய பிறகுதான் பூனை பக்கம் போனான். கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியே வந்தது. தம்பி வீட்டு முறை முடிந்து அப்பா திரும்பி வந்ததும் அவர் காலடியில் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. வயிற்றில் முடி முளைத்தது. மனைவியே அதற்கு மீன் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் டேப்பைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் கூட்டாளிகள் சிக்கினால் போதும். வாயில்லா ஜீவனை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும், அது முரண்டு பிடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்று டீ ஆறும்வரை பேசுவான். கேட்கிறவர்கள் தலையாட்டினார்கள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் அப்பாவின் பை கட்டியது கட்டியபடி இருந்தது.

மறுபடி முறை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவருவதாகத் தம்பி போன் செய்தான். மறுபடி பூனைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலைதான் புருஷனுக்கும் மனைவிக்கும். என்னென்னவோ யோசித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலமே அதைச் சமையலறையில் விட்டு, தண்ணீரும் மீனும் வைத்து, கதவைச் சாத்தினார்கள். பெட்டியை மாடிப்படியில் வைத்துக் கட்டுவது என்றும், டேப்புக்குப் பதில் கயிறு என்றும் முடிவாயிற்று. வாசலுக்கு வந்து வழியனுப்ப வேண்டாம், அழுகை கிழுகை வந்தால் பூனை கண்டுபிடித்துவிடும் என்றாள் மனைவி. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இத்தனை பேச்சையும் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். பூனையின் மேல் இவ்வளவு பிரியமா என்று அவர் சிரித்ததாகத்தான் டேப்பு நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி விரிப்பை உதறப் போனாள். உதறவில்லை. கையில் பிடித்தபடி நின்றாள். விரிப்பு நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வருஷக்கணக்காக முகர்ந்தவள். எது பூனை, எது மனிதர் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போன தடவையும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். பூனையின் மேல் எரிந்து விழுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"பூனை வேலைதான்டா" என்றார்.

சாத்திய சமையலறைக் கதவை உள்ளேயிருந்து பூனை பிறாண்டியது. அது மூன்று பேருக்கும் கேட்டது.

டேப்புக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காலியான தட்டு, கட்டியே கிடந்த பை, தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்கிற குரல். வைத்தியர் பூனையைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வந்தது. இங்கேயே இருங்கப்பா என்ற சொல் தொண்டைவரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: நாளையிலிருந்து கூடம் காலி, கால் நீட்டி உட்காரலாம், வருகிற அரை வருஷம் தம்பி பாடு. இந்த நினைப்பு இன்று வந்ததல்ல, கொஞ்ச நாளாகவே உள்ளே இருந்தது. அதற்காக அவன் தன்னையே வெறுத்தான். வெறுத்தானே தவிர, அதை விடவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

"ஆமாப்பா, பூனைதான்" என்றான்.

அப்பா தலையாட்டினார். இருவருக்கும் அந்தப் பொய் சௌகரியமாக இருந்தது. அவனுக்குக் கொஞ்சம் அதிகமாக.

கீழே தம்பியின் கார் ஹாரன் அடித்தது. கயிற்றைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அவன் கீழே ஓடி ஸ்கூட்டரைத் திறந்து டேப் உருளையை எடுத்து வந்தான். பெட்டியை மாடிப்படிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடத் தோன்றவில்லை. அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்து இழுத்தான். கர்ரென்ற சத்தம். சமையலறைக்குள் பூனை கத்தியது. கட்டிலில் அப்பா இரண்டு கால்களையும் மெல்ல மேலே இழுத்து, சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தார்.

டேப்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு சுற்று ஒட்டி, ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தான். அவன் ஒட்டிய பெட்டி எதுவும் இதுவரை வழியில் திறந்துகொண்டதில்லை.