நான் பார்க்க மறுத்த ஸ்லைடுகள்

லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கண்களை ஆராய்வது என் வேலையாக இருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற, கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வலை போன்ற ஒரு திசு உண்டு. மரபணு மாற்றிய எலிகளுக்கு வயதானால் அந்த வலை அடைபடும் என்று நம்பினேன்.

கண்களை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டித் தருபவர், டூட்டிங் பகுதியிலிருந்து வரும் இலங்கைத் தமிழர் சிவமலர். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, வலை அடைபட்டிருப்பதாகக் கட்டுரை எழுதினேன்.

"மற்றப் பக்கம் திறந்துதான் கிடக்குது சேர். ஒருக்காப் பாருங்கோ," என்றார்.

"நீங்க கோணலா வெட்டியிருப்பீங்க."

"முப்பது கண்ணையுமோ சேர்?"

அருகிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவருடைய வெட்டு சரியில்லை என்று மேலிடத்துக்கு எழுதினேன். அவரை எலிக் கூண்டு கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

பல வருடங்கள் கழித்து, ஓய்வு பெறும் வாரத்தில் அலமாரியை ஒழித்தபோது அந்த ஸ்லைடுப் பெட்டி கிடைத்தது. மறுபக்கத்தை அன்றுதான் நுண்ணோக்கியில் பார்த்தேன். வெட்டு நேர்த்தியாக இருந்தது. வலையும் திறந்தே இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற, அதை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டு, கீழ்த்தளத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்த சிவமலரிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பழைய வேலையிலேயே அவரைப் போடச் சொல்லி மேலிடத்தில் பேசுவதாகவும் சொன்னேன்.

ஈரக் கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டிக் காட்டினார்.

"இனி ஏலாது சேர். கை நடுங்குது."

அவர் அன்று கேட்டது ஒரே ஒரு பார்வை. அதற்கு எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.