பெரிய பாதி

பாரிஸின் ரூ லூயி-பிளாங் தெருவில் பேக்கரிக் கதவு திறந்து சூடான பாண் மணம் வந்தால் எல்லோருக்கும் பசி வரும். எனக்குக் குளிர் ஞாபகம் வரும். நானும் என் கூட்டாளி குணமும் ஊரைவிட்டு ஓடிவந்து கிழக்கு பெர்லினில் இறங்கிய அந்தக் காலைக் குளிர்.

பெர்லின் சுவர் இன்னும் நின்ற காலம் அது. மொஸ்கோ வழியாக வந்தால், கிழக்கு ஜெர்மனிக்காரர் எங்களைத் தடுக்காமல் மேற்குப் பக்கம் போகவிடுவார்கள். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், அகதிகளை அனுப்பி எதிரியான மேற்குக்குத் தலையிடி கொடுக்கத்தான். அந்தத் தலையிடிகள்தான் பிறகு இங்கே பாரிஸில் லா ஷப்பல் பகுதியில் கடை போட்டோம்.

ரயில் ஏறுமுன் கையிலிருந்த சில்லறைக்கு ஒரேயொரு பாண் வாங்கினோம். அதை முறித்துப் பெரிய பாதியைக் குணத்துக்குக் கொடுத்தேன். இந்தக் கதையை நான் சொல்லாத கலியாண வீடு இல்லை. குணமும் பக்கத்தில் இருந்து, "ஓம் ஓம், இவன்தான் தந்தவன்" என்று தலையாட்டுவான். மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய செத்தவீட்டிலும் மைக் பிடித்துச் சொன்னேன்.

குணத்தின் மகள் ஆரணி ஜெர்மன் படித்தவள். அந்தக் கிழக்கு ஜெர்மனி உளவுக்காரர் எழுதிவைத்ததை இப்போது கேட்டு வாங்கலாம் என்று என் பெயரில் விண்ணப்பம் போட்டவள் அவள்தான்.

"ஆர் பிள்ளை எங்களை வேவு பாத்தது? நாங்கள் என்ன பெரிய ஆக்களே?" என்று சிரித்தேன்.

போன கிழமை தொசியே, அந்த உளவுக் கோப்பு, வந்துவிட்டது. தேநீர்க் கடையில் வைத்து அவள் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரோ ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார். என் இடது சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது, குணம் இருமியது, பேக்கரி வாசலில் பதினொரு நிமிடம் நின்றது, எல்லாம் இருக்கிறது. ஊர் பேர் தெரியாத இரண்டு பொடியன்களுக்காக ஒரு அரசாங்கம் இவ்வளவு மினக்கெட்டிருக்கிறது! தன் சுவர் விழப்போவது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

ஆரணி ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை?"

"நெட்டையானவர் பாணை முறிச்சு, பெரிய துண்டைக் கட்டையானவருக்குக் குடுத்தார் எண்டு கிடக்கு, மாமா."

நெட்டையன் குணம், கட்டையன் நான். சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் வேவு பார்த்தவருக்குப் பொய் எழுத என்ன தேவை?

"அப்பா வீட்டிலை என்ன சொன்னவர்?"

"நீங்கள் சொல்லுறதைத்தான். பெரிய துண்டை மாமாதான் தந்தவர் எண்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாடு இப்போது இல்லை. சுவர் இல்லை. எங்கள் பின்னால் வந்தவரும் இருக்கமாட்டார். இனி எந்தக் கலியாண வீட்டில் கதையைத் திருத்திச் சொன்னாலும், பக்கத்தில் இருந்து தலையாட்டக் குணம் இல்லை.