காலண்டரில் சிரித்த பாஸ்

நன்கொடை கொடுக்கும்போது படத்துக்காகப் பிடிக்கும் மாதிரி காசோலை எந்தக் காரிலும் ஒழுங்காக ஏறாது. பின் இருக்கையில் அந்த ஆளுயர அட்டையைச் சாய்த்து வைத்து, அதன் முனை என் பிடரியில் இடிக்க, எங்கள் அலுவலகம் இருக்கும் பண்டமாரானிலிருந்து கிள்ளான் டயாலிசிஸ் மையம் வரை குனிந்தபடியே நான் போன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. முன் இருக்கையில் எங்கள் பாஸ், புது பாத்தேக் சட்டையில், கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே வந்தார். "தங்கச்சி, அட்டை மடங்கிடப் போவுது, பார்த்துலா" என்றார். என் கழுத்து மடங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

துறைமுகத்துக்குக் கொள்கலன்களை ஏற்றிப்போகும் லோரி நிறுவனம் அவருடையது. எந்த லோரி எங்கே போகவேண்டும் என்று பார்த்து அனுப்புவது என் வேலை. பாஸ் நல்ல மனிதர்தான், ஆனால் பத்திரிகையில் தம் படம் வருவதென்றால் உயிரை விடுவார். தீபாவளி வந்தால் நன்கொடை, நன்கொடை என்றால் படம், படம் வந்தால் மறுநாள் காலையில் கடைக்காரரிடம் இருக்கும் தமிழ்ப் பத்திரிகை அத்தனையும் எங்கள் அலுவலகத்தில். தம்முடைய படத்தைப் பார்த்து முடித்ததும் மற்ற முதலாளிகளின் படங்களைப் பார்ப்பார். யார் எந்தப் பள்ளிக்கு என்ன கொடுத்தார், யார் நடுவில் நின்றார், யாருடைய மாலை பெரியது என்று ஒன்றுவிடாமல் படித்துப் பொருமுவார். அரண்மனை தரும் டத்தோ பட்டத்துக்கு அடிபோடுகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போதாக்குறைக்கு ஆண்டுதோறும் காலண்டர் வேறு. டயாலிசிஸ் மையத்துக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று. மேலே பாஸின் சிரித்த முகம், கீழே 'என்றும் உங்களுடன்' என்ற வாசகம், அதற்கும் கீழே என் மேசைத் தொலைபேசியின் எண். வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட மெதடிஸ்ட் வீட்டுப் பெண் நான். "பாஸ், உங்க வலது கை கொடுக்கிறது கிள்ளானுக்கே தெரியுது" என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரியட்டும்மா, நான் என்ன திருடியா கொடுக்கிறேன்?" என்றார்.

பெருவெள்ளம் வந்த ஆண்டில், இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, அந்தத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல். ஷா ஆலாம் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பிலிருந்து பேசினாள்.

"அக்கா, உங்க காலண்டரு எங்க வீட்டுல மாட்டியிருக்கு. அம்மாவுக்கு நேத்தே டயாலிசிஸ். போக முடியல. வெளிய இடுப்பளவு தண்ணி. படகுக்குச் சொல்லி வச்சோம், இன்னும் வரல. அம்மாவுக்கு மூச்சு வாங்குது. என்றும் உங்களுடன்னு போட்டிருக்கீங்களேக்கா, வருவீங்களா?"

இது லோரி கம்பெனி தங்கச்சி, ஆம்புலன்ஸ் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்ல மனம் வராமல் ரிசீவரை பாஸிடம் நீட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "வரோம்மா. அம்மாவ உட்கார வச்சே இரு, படுக்க வைக்காத" என்றார். வைத்துவிட்டு, எதிர்ச் சுவர்க் காலண்டரில் சிரித்த தம்முடைய முகத்தையே ஒரு கணம் பார்த்தார்.

"பல்லைக் காட்டிட்டோம் தங்கச்சி. இப்ப போகலேன்னா இந்தப் பல்லை வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

வளாகத்தில் ஒரே ஒரு லோரிதான் நின்றது. அதன்மேல் தரை ஓடுகள் நிறைந்த கொள்கலன். அன்று மாலைக்குள் துறைமுகத்தில் சேர்க்காவிட்டால் கப்பல் போய்விடும், அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார். அதை நான் சொன்னேன். சொல்வது என் வேலை. "கப்பல்காரன்கிட்ட நான் ஏச்சு வாங்கிக்கிறேன். பெட்டியக் கழட்டிட்டுக் கிளம்பச் சொல்லு" என்றார் பாஸ். கேரி தீவிலிருந்து வேலைக்கு வரும் டிரைவர் அண்ணன்தான் மறித்தார். "கழட்டாதீங்க பாஸ். பெட்டி இல்லாம வெறுந்தலையா போனா தண்ணி இழுத்துட்டுப் போயிரும். ஓட்டுப் பாரம் இருந்தாத்தான் நிக்கும்." அதனால் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்துக்குப் போகவேண்டிய ஓடுகளும் எங்களோடு புறப்பட்டன. "ஒரு பொம்பள கூட இருக்கணும், நீயும் ஏறு. போனை நான் பார்த்துக்கிறேன்" என்று என் நாற்காலியில் பாஸ் உட்கார்ந்துகொண்டார்.

சாலை எது, சாக்கடை எது என்று தெரியாத தண்ணீர். மூழ்கிய கார்களின் கூரைகள் மட்டும் தெரிந்தன. அண்ணன் ஒரே வேகத்தில், நிறுத்தாமல் ஓட்டினார். நான் எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தாமான் முனையைத் தாண்டி உள்ளே எங்கள் நீள லோரி திரும்பாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் ஒரு காற்று மெத்தையில் அந்த அம்மாவை உட்காரவைத்து, தள்ளிக்கொண்டே வந்து சேர்த்தார்கள். லோரியின் படிகள் உயரம். அண்ணன் மேலிருந்து இழுக்க, பிள்ளைகள் கீழிருந்து தாங்க, மகளும் நானும் இரண்டு பக்கமும் பிடிக்க, ஒருவழியாக ஏற்றினோம். கால்கள் வீங்கி, உதடு வெளுத்து, மூச்சு மூச்சாக இரைத்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலண்டர்ல இருக்கிறவரு வரலியா?" என்று கேட்டார். போனில் இருக்கிறார் என்றேன். "பாவம், நல்லா சிரிப்பாரு" என்றார்.

மேட்டில் இருந்ததால் மையத்தில் தண்ணீர் ஏறவில்லை. தாதிமார்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கியிருந்தார்கள். அம்மாவை இயந்திரத்தில் இணைத்து, இரைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன். அந்த மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் பாஸின் குரல் வாசல்வரை கேட்டது. நாங்கள் போன பிறகு அதே காலண்டரைப் பார்த்து இன்னும் பல வீடுகளிலிருந்து அழைத்திருக்கிறார்கள். எங்கள் மற்ற லோரிகள் எல்லாம் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தன. பாஸ் ஊரில் இருந்த முதலாளிகளை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரை அழைப்பது என்று அவர் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. யாருடைய படம் எப்போது எந்தப் பக்கத்தில் வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். கோயில் கமிட்டித் தகராறில் பேச்சுவார்த்தையே நின்றுபோன ஒரு லோரி முதலாளியிடம் அப்போது பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, தீபாவளிக்கு முதியோர் இல்லத்துல அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு நின்னியே, நான் பார்த்தேன். இந்த நோயாளிங்க அந்த மூட்டைய விடக் கனம் இல்லய்யா. ரெண்டு லோரி அனுப்பு. நாளைக்குப் பேப்பர்காரங்க வந்தா நீயே நடுவுல நில்லு, நான் ஓரமா நிக்கிறேன்."

லோரிகள் வந்தன. ஜவுளிக்கடை பாய் உயரமான வேன் அனுப்பினார், டயர் கடைக்காரர் ஆட்களை அனுப்பினார். எங்களை அழைத்த அத்தனை பேரும் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தரை ஓடு வாடிக்கையாளர் மட்டும் நான் சொன்னபடியே எங்களை விட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் வலது கை இடது கை பேசுவதில்லை. ரகசியமாகக் கொடுப்பவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் ரகசியமாகக் கொடுப்பவரை ஆபத்தில் யார் தேடிப்போய்க் கேட்க முடியும்? ஊரறியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டவரை ஊர் கேட்கலாம். கேட்டால் அவரால் தட்ட முடியாது. வியாபாரம் செய்பவருக்கு அந்தக் கூச்சம் ஒன்று இருந்துவிட்டால் போதும் என்று நான் நினைக்கிறேன்.

பாஸ் இப்போது இல்லை. அவருடைய மகன் நிறுவனத்தை நடத்துகிறார், எனக்குத் தம்பி மாதிரி. சமூகப் பொறுப்பு அறிக்கை என்று வழவழப்பான தாளில் இப்போது தனிப் புத்தகமே போடுகிறோம். இந்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரியை ஓர் ஆலோசகர் கொண்டுவந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொலைபேசி எண் இல்லை, இணைய முகவரி மட்டும் இருந்தது. கண்டவர்களும் கண்டதுக்கும் அழைக்கிறார்கள் என்றார். அதில் பொய் இல்லை. கூரைமேல் ஏறிய பூனையை இறக்கவேண்டும் என்றுகூட எனக்கு அழைப்பு வந்திருக்கிறது.

"நம்பர எடுக்கிறதுன்னா எடுங்க தம்பி. அப்படியே 'என்றும் உங்களுடன்'கிறதையும் எடுத்துருங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஆலோசகர் சங்கடமாகச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. மாதிரித் தாளைத் தம் பக்கம் இழுத்து, அந்த வாசகத்தின்மேல் விரலை வைத்தார்.

"ஆபீஸ் நம்பர் இருக்கட்டும்" என்றார். "ஆனா அடுத்த வருஷம் நீங்க ரிட்டயர் ஆயிருவீங்க. அப்புறம் போனை யாரு எடுப்பாங்கக்கா? கீழ என் சொந்த ஹென்போன் நம்பரையும் போடச் சொல்லுங்க."