குப்பைமேனி வேரும் என் ராகியும்

ஷிப்ட் முடிந்து வந்தபோது வீட்டுக்கார அக்கா வாசலில் மண்டியிருந்த குப்பைமேனிச் செடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். என் பூனை ராகி நேராக அந்தக் குவியலில் போய் விழுந்தது. வேரில் முகத்தைத் தேய்த்தது. வாயில் எச்சில் ஒழுக மல்லாந்து புரண்டது.

"அய்யோ சாமி, பூனைக்கு வெறி புடிச்சிருச்சு! சாக்குல கட்டி குந்தாரப்பள்ளி சந்தையில உட்டுட்டு வரச் சொல்றேன். முடியாதுன்னா நீ ஊட்டைக் காலி பண்ணும்மா."

"வெறி இல்லக்கா. அந்த வேரு வாசம் பூனைக்குப் போதை. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும்."

"எங்க ஊட்டுக்காரரும் தெனமும் இதேதான் சொல்றாரு."

"அவரைச் சந்தையில உட்டுட்டீங்களாக்கா?"

நான்தான் கேட்டேன். மாடிப்படியில் அக்காவைப் பார்த்தாலே தலை குனிந்து போகிற நான்.

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அக்கா என்னை முறைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ராகி தெளிந்துவிட்டது. கிண்ணம் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு என் கட்டிலில் தூங்குகிறது. நாங்கள் இருவரும் காலி செய்வதாக இல்லை. பிடுங்கிப் போட்டதில் ஒரு செடியை எடுத்து, தொட்டியில் நட்டு ஜன்னலில் வைத்துவிட்டேன்.

நாளைக்கு அந்தச் செடிக்கும் சேர்த்து வாடகை கேட்டால் என்ன சொல்லலாம்? யோசனை சொல்லுங்கள்.