பிரேக் போன காரும் ஆறு காப்பி மரங்களும்

பிரேக் இல்லாத காரில் மலையிறங்கியிருக்கிறீர்களா? நான் இறங்கியிருக்கிறேன். பாதி தூரம்தான் — மீதியை ஒரு காப்பித் தோட்டம் தடுத்துவிட்டது!

குடகிலிருந்து என் மைத்துனர் சுந்தரம் வந்திருந்தார். அங்கே காப்பித் தோட்டத்தில் இருபது வருஷமாக மேற்பார்வை. கண்டியில் வந்து இறங்கியதிலிருந்து ஒரே கேள்வி.

"எங்க, மாப்பிள்ளை, உங்க காப்பி? எங்க பார்த்தாலும் தேயிலைதானே இருக்கு?"

எங்கள் மலைகளிலும் ஒருகாலத்தில் காப்பிதான். இலையில் நோய் விழுந்தது, அத்தனையும் போயிற்று, தேயிலை ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுத் தோட்டங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம். சரி, அதையாவது காட்டுவோம் என்று, ஞாயிற்றுக்கிழமை அக்குறணை காசிம் நானாவின் வாடகைக் காரில் அலவத்துகொடைப் பக்கம் கிளம்பினோம்.

மேலே ஏறி ஆற அமரப் பார்த்தோம். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி, அதற்குள்ளிருந்து கமுகு மரத் தலைகள்... மைத்துனரே காப்பியை மறந்துவிட்டார்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. இரண்டாவது வளைவில் காசிம் நானா மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், பயப்பட வேணாம். பிரேக் இல்ல."

பயப்படாமல் எப்படி? இடது பக்கம் பள்ளம். கைப்பிரேக்கை இழுத்தார், கியரைக் குறைத்தார். வண்டி முனகியதே தவிர நிற்கவில்லை. சட்டென்று வலது பக்கம் ஒடித்தார். ஒரு வீட்டுத் தோட்டத்தின் வேலியைப் பிய்த்துக்கொண்டு கார் மேட்டில் ஏறியது. மடமடவென்று மரங்கள் ஒடிகிற சத்தம். நின்றுவிட்டோம்!

வீட்டிலிருந்து ஓர் அம்மாள் ஓடி வந்தார். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "ஆருக்கும் காயமா? எல்லாரும் நல்லா இரிக்கீங்களா?" என்று கேட்டார். நாங்கள் முழுசாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மரங்களைப் பார்த்தார். ஆறு காப்பி மரங்கள் காயோடு கிடந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதையும் நம்பித்தானே நானும் மகளும் இரிக்கிற..."

"மன்னிச்சுக்கொள்ளுங்க தாத்தா" என்றார் காசிம் நானா, தலை குனிந்து. எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு அண்ணன் 'நானா', அக்காதான் 'தாத்தா' என்று, திகைத்து நின்ற மைத்துனரின் காதில் சொன்னேன். அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரமாகக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"ஒரு நல்ல கத்தி குடுங்கம்மா. ரெண்டு மரம் வேரோட சாஞ்சிருக்கு, நிமித்தி மண் அணைச்சிடலாம். மத்த நாலையும் வெட்டணும்."

அம்மாள் சீறி எழுந்தார். "ஒடஞ்சது காணாதா? மிச்சத்தையும் வெட்டப் போறீங்களா?"

மைத்துனர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேலியோரம் எப்போதோ பலாக் கிளை விழுந்து முறிந்த ஒரு காப்பி மரம். அதன் கட்டையிலிருந்து இரண்டு பச்சைக் கிளைகள் நிமிர்ந்து நின்றன. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதை யாரு நட்டா? தானா வந்ததுதானே? கிழிஞ்ச இடத்தை அப்படியே விட்டா அழுகிப்போகும். சாய்வா, சுத்தமா வெட்டினா இதுமாதிரி வரும். காய்க்க ரெண்டு மூணு வருஷம் ஆகும்மா, பொய் சொல்லமாட்டேன். ஆனா மரம் சாகாது."

அம்மாள் கிட்டப் போய் அந்தக் கிளைகளைத் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அந்நியன் ஒருவன் கையில், தன் மரத்தை வெட்டச் சொல்லி! அந்தத் துணிச்சல் எனக்கு வராது.

மைத்துனர் வெட்டினார். அம்மாளும் மகளும் காப்பிப் பழங்களைப் பொறுக்கினார்கள். காசிம் நானா காருக்கடியில் படுத்து, கழன்றிருந்த பிரேக் கம்பியை மாட்டிக் கட்டினார். சாயங்காலம் ஆளுக்கொரு கோப்பை இஞ்சி தட்டிப்போட்ட காப்பி. மைத்துனர் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. முந்தாநாள் காசிம் நானா நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், நாலும் துளிர்த்திரிக்கி! சாஞ்ச ரெண்டும் தப்பிட்டு. தாத்தா உங்கட மச்சானுக்கு சலாம் சொல்லச் சொன்னா."

அன்றைக்கே குடகுக்குக் கடிதம் போட்டேன். போட்டுவிட்டு யோசித்தேன். காசிம் நானா உயிரைக் காப்பாற்றினார். மைத்துனர் மரத்தைக் காப்பாற்றினார். அந்த அம்மாள் முன்பின் தெரியாதவரை நம்பினார். நான் என்ன செய்தேன்? வேலியில் மோதும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பாருங்கள் — கதை சொல்ல மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டேன்!