தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் கடைசி நாள்

பஹ்மியா ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தானைப் பூட்டும்போது காலை எட்டேகால். வெளியே உட்துறைமுக வீதியில் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டோக்காரர்கள் துவாயால் கழுத்தைத் துடைக்கிறார்கள். இவர் மட்டும் அபாயாவுக்கு மேலே தடித்த பச்சைக் கம்பளி ஸ்வெட்டரோடு, நுவரெலியாவுக்குப் புறப்பட்டவர்போல நின்று, தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறார். பிறகு "பிஸ்மில்லாஹ்" சொல்லி இரும்புக் கதவைத் தள்ளுகிறார். உள்ளேயிருந்து வரும் குளிர் எங்கள் கால்களை ஒருமுறை தொட்டுவிட்டு, கதவு மூடியதும் போய்விடுகிறது.

எங்களுடையது ஓர் ஓய்வூதிய நிதியம். தலைமையகம் கொழும்பில். அங்கே பெருங்கணினியில் இருப்பதெல்லாம் இங்கே காந்த நாடாக்களில் இன்னொரு பிரதியாக இருக்கிறது. பழைய காலத்துப் பதிவுகள் மட்டும் அங்கே இல்லை, இங்கே நாடாவில் மட்டும்தான். உள்ளங்கையளவுக் கறுப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஆறு எழுத்தில் ஓர் இலக்கம், மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். எந்த நாடாவைப் புதிய நாடாவுக்கு மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, எதை வெறுமையாக்கித் திரும்பப் பாவிப்பது என்று கணினிக்குப் பட்டியல் எழுதிக் கொடுப்பது பஹ்மியாவின் வேலை. நான் அடுத்த அறையில், கடிதப் பிரிவில். ஓய்வூதியம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவேன். அந்தப் பதிலுக்கு வேண்டிய ஆதாரத்தை அவர் நாடாவிலிருந்து எடுத்துத் தருவார். இருபது வருடமாக இப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

ஸ்வெட்டர் போடாமல் அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அலுவலகத்தில் இருப்பது ஒரேயொரு ஸ்வெட்டர். ஆகவே அவரைத் தவிர யாரும் உள்ளே போனதில்லை. முகாமையாளர் ஒருநாள் பத்து நிமிடத்துக்கு இரவல் கேட்டார். "இது எனக்குத்தான் அளவு, சேர். உங்களுக்குத் தடிமன், இருமல் பிடிச்சா ஆர் கையெழுத்து வைக்கிற?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முகாமையாளர் ஒல்லியான மனிதர். ஸ்வெட்டரில் அவரைப் போல இருவர் நுழையலாம்.

நாடாவைத் தட்டில் வைக்குமுன் காதருகே பிடித்து ஒருமுறை குலுக்குவார். உள்ளே ஏதாவது கழன்றிருந்தால் சத்தம் காட்டுமாம். கிண்ணியாவில் அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே மரியாதை உண்டு. கணவர் நஸ்ரி மீன் வியாபாரி. மீன் பொதிகளுக்கெல்லாம் இலக்கம் போட்டு, கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறார் மனைவி. நஸ்ரி ஒருமுறை என்னிடம் சொல்லி ஆறுதல் தேடினார்: "அண்ணன், நான் கொண்டுவாற மீனை நானே எடுத்துத் தின்ன ஏலாது. மூண்டாம் நம்பர் முடியாம நாலாம் நம்பரைத் தொட்டா அண்டைக்குச் சோறு இல்ல."

அந்த மீன்கடையிலிருந்துதான் பஹ்மியா ஒரு பழக்கத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு தொகுதி நாடாக்களை வெறுமையாக்கச் சொல்லி உத்தரவு வந்தால், முதலில் அதில் மூன்றாவதை எடுத்துப் போட்டு வாசிப்பார். ஏன் மூன்றாவது என்று கேட்டேன். "மேல கிடக்கிறது எப்பவும் நல்ல மீன்தான். கீழ கையை விட்டு ஒண்டை எடுத்து மணந்து பாத்தாத்தான் கூடையின்ட கதை தெரியும்." கொழும்பில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் மணந்து பார்க்கும் பழக்கத்துக்கு மீன்கடை மட்டும் காரணமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு நாடாவின் காலாவதித் தேதி 1999ஆம் ஆண்டின் 365ஆம் நாள் என்றிருக்கக் கண்டு, காலம் கடந்துவிட்டதுதானே என்று அதை அழித்துவிட்டார். இரண்டு கிழமை கழித்துப் பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. முந்தைய காலத்தவர்கள் என்றைக்கும் அழிக்கக்கூடாத நாடாவுக்குத்தான் அந்தத் தேதியைப் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் எழுத முடிந்த நாட்களில், அதற்கு அப்பால் ஒரு நாள் கிடையாது. அது தேதியே இல்லை, காவல்.

அது எண்பதுகளில் எழுதிய நாடா என்பது மட்டும் தெரியும், அதில் யாருடைய சேவைக்காலம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அன்று தொடக்கம் நான் எந்தக் கடிதத்தைக் கொண்டு போனாலும் அவருடைய முதல் கேள்வி, "எந்த வருஷம், அண்ணன்?" என்பதுதான். எண்பதுகள் என்று சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். தேடியது கிடைத்துவிட்டால், தான் அழித்தது இவருடையதல்ல என்ற ஆறுதலில், "அல்ஹம்துலில்லாஹ், இதுவும் அதில்ல" என்பார். இதுவரை எல்லாம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அடுத்த கடிதத்துக்கும் அவர் முகம் அப்படியே ஆகும். பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

போன வைகாசியில் மூதூரிலிருந்து முனாப் என்பவரின் கடிதம் வந்தது. துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டியவர், வயது எழுபத்திரண்டு. எண்பத்தாறு தொடக்கம் தொண்ணூற்றிநாலு வரை அவர் செய்த வேலைக்குக் கடதாசி ஒன்றும் மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்ததில் பாதி போக, மீதியைச் சுனாமியில் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த எட்டு வருடத்தைக் காட்டாவிட்டால் ஓய்வூதியம் இல்லை. "எந்த வருஷம்?" என்றார் பஹ்மியா. சொன்னேன். குலுக்கிக்கொண்டிருந்த நாடாவை மேசையில் வைத்தார்.

அதே கிழமைதான் கொழும்பிலிருந்து இராகுலனின் பட்டியலும் வந்து சேர்ந்தது. இராகுலன் தலைமையகத்தின் இளம் பொறியியலாளர், கெட்டிக்காரர். பழைய நாடாக்கள் எல்லாவற்றையும் புதியவற்றுக்கு மாற்றும் வேலை அவர் பொறுப்பில். காலாவதியானவற்றை மாற்ற வேண்டாம், வெறுமையாக்கிவிடுங்கள் என்று ஒற்றை வரியில் விதி எழுதியிருந்தார். அந்த வரிக்குள் அறுநூற்றுப் பதினெட்டு நாடாக்கள் அகப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, 1999, 365ஆம் நாள். துறைமுகத் தொழிலாளரின் நாடாக்கள் ஒன்றும் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை தானாகத் தொடங்கும்படி நேரமும் குறித்திருந்தது.

பஹ்மியா அந்த வரியைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தார். அறுநூற்றுப் பதினெட்டு இலக்கங்களையும் மாற்ற வேண்டியவற்றின் பக்கத்தில் சேர்த்தார். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டுதான் கதைப்பார், ஆகவே நானும் கேட்டேன்.

"அக்கா, லிஸ்ட்டை ஏன் மாத்தினீங்கள்? அதெல்லாம் எக்ஸ்பயர் ஆனது."

"தம்பி, ஒரு கடையில இருக்கிற சாமான் எல்லாம் ஒரே நாளில பழுதாகுமா?"

"சிஸ்டம் அப்பிடித்தானே காட்டுது."

"காட்டும். எனக்கும் ஒருக்கா அப்பிடித்தான் காட்டின. நான் நம்பி ஒண்டை அழிச்சுப்போட்டன்." இதை இருபது வருடத்தில் கொழும்புக்கு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்காமல் சொன்னார். "இந்தா, மூண்டாவதை மணந்து பாத்திட்டன். வாசிக்கிறன், கேளுங்க."

வாசித்தார். எண்பத்தெட்டாம் ஆண்டு, சுமைதூக்கும் பகுதி, பெயர், வேலைக்குச் சேர்ந்த நாள். இன்னொரு பெயர். இன்னொரு நாள். பன்னிரண்டு பெயர் ஆனதும் இராகுலன் மெல்ல, "நான் திறந்து பாக்கேல்ல, அக்கா" என்றார்.

"பரவால்ல. அழிக்கேல்லத்தானே. பழைய டேப்பை வாசிக்கிற மெசினை மட்டும் இன்னும் ரெண்டு கிழமைக்குக் கழட்டாம விட்டு வையுங்க." இராகுலன் விட்டுவைத்தார். தன் பிழையைத் தானே எழுதி மேலிடத்துக்கும் அனுப்பினார் என்று பிறகு அறிந்தேன். நல்ல பிள்ளை.

முனாப்பைத் தேட நாலு நாள் பிடித்தது. பஹ்மியா முதல் நாள் பகிடி விட்டுக்கொண்டு உள்ளே போய் வந்தார். இரண்டாம் நாள் பகிடி குறைந்தது. மூன்றாம் நாள் நஸ்ரி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். நாலாம் நாள் பத்து மணிக்கு இரும்புக் கதவு திறந்தது. கையில் ஓர் அச்சுத்தாள். "எட்டு வருஷமும் கிடக்கு, அண்ணன். ஒரு மாசம்கூடக் குறையேல்ல" என்று சொல்லிக் கதிரையில் இருந்தார். "இதுவும் அதில்ல" என்று சொல்ல மறந்துபோனார். நான் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை முனாப் மூதூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சாரம், தொப்பி, இடது காதில் கேள்விக் குறைவு. சான்றிதழை வாங்கி, வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். போவார் என்று பார்த்தால் போகவில்லை.

"மகள், இது எதில கிடந்த?"

"டேப்பில, மாமா. உள்ள."

"என்ட எட்டு வருஷமும் அதிலயா?"

"ஓம்."

முனாப் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒருக்காப் பாக்க ஏலாதா?"

நான் என் கடிதங்களுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சட்டத்தை முகாமையாளருக்கே வளைக்காதவர் இவர்.

பஹ்மியா முனாப்பைப் பார்த்தார். தோய்த்துத் தோய்த்து மெலிந்திருந்த அவருடைய அரைக்கைச் சட்டையைப் பார்த்தார். பிறகு மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, பச்சை ஸ்வெட்டரை உதறி அவரிடம் நீட்டினார்.