கியூபா சமையற்காரரின் கடலம்மா

அப்போது நாங்கள் ரங்கூனில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கப்பலில் அரிசி மூட்டை ஏற்றும் வேலை. கியூபாவுக்குப் போகவிருந்த ஒரு கப்பலில் மூட்டை ஏற்றும்போது கால் வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டார். நீரின் இழுப்பு அதிகம். அந்தக் கப்பலின் சமையற்காரர்தான் குதித்து அவரைக் கரைசேர்த்தார்.

மறுநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார் என் கணவர். நல்ல கறுப்பு நிறம், என் அப்பா வயது. மீன்குழம்பை விரும்பிச் சாப்பிட்டார். ஆனால் அவர் கை அடிக்கடி கழுத்தைத் தடவிப் பார்த்தது. துறைமுக இங்கிலீஷில் என்னவென்று கேட்ட என் கணவரின் முகம், பதிலைக் கேட்டதும் வாடிவிட்டது.

"சாமி மாலையாம். என்னை இழுக்கறப்ப நான்தான் பிடிச்சு அறுத்திருக்கேன். பாதி மணி ஆத்தோட போயிடுச்சு."

மீதி மணிகள் அவர் கைக்குட்டையில் இருந்தன. நீலமும் வெள்ளையும்.

"நான் கோத்துத் தரேன்னு சொல்லுங்க" என்றேன்.

குறைந்த மணிகளைக் கடைத்தெருவில் வாங்கி வந்து கோக்க உட்கார்ந்தேன். ஏழு நீலம், ஏழு வெள்ளை என்று விரலால் காட்டிக்கொண்டே அவர் பேசினார். என் கணவர் அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

மாலைக்குரியவள் யெமாயா, கடலின் தாய். சமையற்காரரின் முன்னோர் யொருபா மக்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். சொந்த மண்ணில் யெமாயா ஓர் ஆற்றுத் தெய்வம். அவர்களோடு கடல் கடந்த பிறகு கடலுக்கே தாயாகிவிட்டாள். கிறிஸ்தவ எஜமானர்களின் கெடுபிடிக்குப் பயந்து, நீல ஆடை உடுத்திய கறுப்பு மாதாவின் உருவத்தில் அவளைக் கும்பிட்டார்கள்.

"ஒளிச்சு வெச்சுக் கும்பிட்டா அவளுக்குக் கோவம் வராதாமா?"

அவர் சிரித்தார். "பிள்ளைங்க படுற பாடு தாய்க்குத் தெரியாதான்னு கேக்கறாரு" என்றார் என் கணவர்.

கோத்து முடித்த மாலையை அவர் அணியவில்லை. ஊரில் அவருக்குத் தீட்சை கொடுத்த அம்மா அதை மூலிகைத் தண்ணீரில் கழுவ வேண்டுமாம். அதுவரை வெறும் மணிதானாம். அறுந்ததில் அவருக்கு வருத்தமும் இல்லை. எங்களுக்கு வந்த ஆபத்தை அவள் அந்த மாலையில் வாங்கிக்கொண்டாள் என்றார்.

கப்பல் புறப்படுமுன் மூவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். யெமாயாவுக்குத் தர்பூசணியும் வெல்லப்பாகும். ஆறுகளுக்குரிய அவள் தங்கை ஓச்சூனுக்குத் தேன். தேனை முதலில் அவரே நக்கிப் பார்த்தார். முன்பு யாரோ அவளுக்கு விஷம் கலந்த தேனைக் கொடுத்தார்களாம். படைப்பவர் ருசி பார்க்காமல் அவள் தொடமாட்டாளாம். கிண்ணத்தை என்னிடமும் நீட்டினார். நானும் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டுக் கற்பூரம் ஏற்றினேன். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

வாழைப்பழக் கூடையோடு போன பர்மியப் பெண் ஒருத்தி நின்று, "எந்த 'நாட்'டுக்குப் படைக்கிறே?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். நாட் என்றால் அவர்களுடைய காவல் தெய்வம்.

"என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு."

அவள் கூடையை இறக்கி, இரண்டு பழங்களைத் தர்பூசணிக்குப் பக்கத்தில் வைத்து, எங்களோடு கைகூப்பி நின்றாள்.